ஊர் சேர்ந்த பிறகு பிரி

லைப்சிக், ஜெர்மனி
8 பிப்ரவரி 2025

அன்புள்ள பானு,

நான் நலம். நீ, அம்மா, அண்ணன், பட்டுப்புழுக்கள் எல்லோரும் நலமா? உறையின் மேல் ‘திருமதி பானுமதி சந்திரமோகன்’ என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். வீட்டில் எல்லோர் முன்னாலும் ‘அண்ணி, வாங்க, சாப்பிட்டீங்களா’ என்று கூப்பிட்டு எனக்கு வாயே வலித்துவிட்டது. கடிதத்துக்குள்ளாவது நீ பழைய பானுவாக இரு. பாலக்கோடு பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்து என் புளிச்சாதத்தைத் தின்றவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக நான் எத்தனை நாள்தான் நடிப்பது?

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக்கு வசந்தகால விடுமுறை. மார்ச் இருபதாம் தேதி புறப்படுகிறேன். பிராக், வியன்னா, வெனிஸ், கோமோ. பள்ளி அட்லஸில் நாம் பென்சிலால் கோடு போட்டோமே, அதே வரிசை. கோமோ உன் பிடிவாதம். பட்டுக்குப் பேர்போன ஊர் என்று எங்கோ படித்துவிட்டு, அதைச் சேர்க்காவிட்டால் நான் வரவில்லை என்று அட்லஸையே மூடிவிட்டாய். புழு வளர்க்கும் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறாய் என்று அப்போது இரண்டு பேருக்குமே தெரியாது.

இனி நீ கோபப்பட வேண்டிய பகுதி. கூட சாயிரா வருகிறாள். தருமபுரியில் துணிக்கடை வைத்திருக்கும் நிசார் அகமது அவர்களின் மகள். விடுதியில் என் அடுத்த அறை. இந்தத் தாளில் ஏதாவது மணம் அடித்தால் அவள்தான் காரணம். என் மேசைமேல் உட்கார்ந்து அத்தர் பூசிக்கொண்டிருக்கிறாள்.

நம் ஒப்பந்தம் மறக்கவில்லை. முதலில் என் முறை, அப்புறம் உன் முறை. ஜூலையில் படிப்பு முடிந்ததும் நான் வந்து புழுக் கொட்டாயைப் பார்த்துக்கொள்கிறேன். நீ சேலம் போய் எம்.எஸ்சி. புவியியல் படி. அண்ணனிடம் நானே பேசுகிறேன். இதையெல்லாம் போனில் பேச முடியாது. நம் வீட்டில் போன் என்றாலே ஸ்பீக்கர்தான். போன வாரம் எனக்குத் தலைவலி என்றதற்கு, மல்பெரித் தழை வெட்ட வந்த சென்னப்பன் அண்ணன், “சுக்குக் காப்பி குடிக்கச் சொல்லுங்க” என்று தூரத்திலிருந்து கத்தினார். பெரிய விஷயம் எல்லாம் கடிதத்தில் மட்டும். அது நீ போட்ட சட்டம்.

உன்,
கலை


மாரண்டஹள்ளி
27 பிப்ரவரி 2025

அன்புள்ள கலை,

உன் கடிதம் வந்தது. அதைக் கொட்டாய்க்குள் எடுத்துப் போக முடியவில்லை. புழுவுக்கு மணம் ஆகாது, அது இருக்கும் இடத்துக்குப் பவுடர்கூடப் பூசிக்கொண்டு போகக்கூடாது. நீ என்னடாவென்றால் அத்தர் மணக்க மணக்க ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறாய். வாசலில் வெயிலில் நின்றபடி படித்தேன். அத்தை, “என்னாவாம்?” என்றார். “அங்க குளுராம் அத்த” என்றேன். அத்தனை பக்கத்துக்கு அவ்வளவுதானா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

சாயிரா மேல் எனக்குக் கோபமில்லை. (பொய். கொஞ்சம் உண்டு. ரயிலில் ஜன்னலோரம் அவளுக்கா உனக்கா என்பதை மட்டும் எழுது.)

நீ ஊர் ஊராகப் போகும்போது என் கடிதம் உனக்கு எந்த முகவரிக்கு வரும்? இங்கிருந்து அங்கே வந்து சேரவே இரண்டு வாரம் ஆகிறது. அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். இதோடு நான்கு உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஊரின் பெயர். அந்த ஊர் சேர்ந்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும். முன்னாலேயே பிரிக்கக்கூடாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூடாது, சாயிராவுக்குப் படித்துக் காட்டக்கூடாது. நான் பார்க்காத ஊர்களைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். தப்பாக இருந்தால் சிரித்துக்கொள். டிக்கெட்டும் விசாவும் இல்லாமல் உன்னோடு வருவதற்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

அடுத்தடுத்துப் புழு இருந்துகொண்டே இருப்பதால் எழுத ஒரு வாரம் பிடித்தது. தழை போட்டுவிட்டு வந்து நாலு வரி, மறுபடி தழை போட்டுவிட்டு வந்து நாலு வரி. ஏதாவது ஒரு ஊரில் மல்பெரிக் கறை இருந்தால் மன்னித்துக்கொள்.

சேலத்துப் படிப்பைப் பற்றி உன் அண்ணனிடம் நான் வாயைத் திறக்கவில்லை. நீ வந்து கேட்டால் மறுக்க மாட்டார். கல்யாணமானவள் விடுதியில் தங்கிப் படிப்பது என்றால் நானே கேட்பது எப்படி? நீதான் கேட்க வேண்டும். ஜூலை, ஜூலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே தழை நறுக்குகிறேன்.

பத்திரமாகப் போய் வா. வாருங்கள் என்று எழுதினால் நன்றாகவா இருக்கிறது?

பானு


(உறையின் மேல்: பிராக்கில் பிரி)

கலை,

நாம் இப்போது பாலத்தின் மேல் நிற்கிறோம். விடிந்தும் விடியாத நேரம். நான் பார்த்த ஆறு ஒகேனக்கல் காவிரி ஒன்றுதான். அதனால் என் பிராக்கிலும் கரையில் மீன் வறுக்கும் வாசனை வருகிறது. எண்ணெய் தேய்த்துவிடட்டுமா என்று யாரோ கூப்பிடுகிறார்கள். நீ வேண்டாம் என்று கையாட்டிவிட்டு வழக்கம்போல வேகமாக முன்னால் போகிறாய்.

பாலத்தின் இரண்டு பக்கமும் கல் சிலைகள் இருக்குமாம். பனியில் எனக்கு அவற்றின் முகம் தெரியவில்லை. பாதங்கள் மட்டும் தெரிகின்றன. ஒவ்வொரு பாதமாகத் தொட்டுக்கொண்டு உன் பின்னால் வருகிறேன். எல்லாம் சில்லென்று ஈரமாக இருக்கின்றன. அது நம் பக்கத்துக் கருங்கல்லா, வேறு கல்லா என்று தொட்டுப் பார்த்து எழுது. புவியியல் படித்தவளுக்கு அந்த ஒரு தகவல் போதும், மீதியை நானே கட்டிக்கொள்வேன்.

ஆற்றில் ஏதோ வெள்ளையாக மிதக்கிறது. பறவையா, விடிகிற வெளிச்சமா என்று தெரிவதற்குள் அத்தை கூப்பிட்டுவிட்டார். நீ பார்த்துக்கொண்டிரு, தழை போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

பானு


பிராக்
21 மார்ச் 2025

அன்புள்ள பானு,

மணற்கல். கருத்துப் போயிருக்கிறது. கை வைத்தால் நம் பழைய அம்மிபோல் சொரசொரவென்று இருக்கிறது. ஆற்றில் மிதந்தவை அன்னங்கள். மீன் வாசனை இல்லை, எண்ணெய் தேய்ப்பவரும் இல்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு இரண்டும் இருக்கிற மாதிரியே இருந்தது. ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்த்தேன், நீ பின்னால் பாதங்களைத் தொட்டுக்கொண்டு வருகிறாயா என்று.

சாயிராவுக்கு நோன்பு. பயணத்தில் விட்டுவிடலாம், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால், “தருமபுரி வெயில்லயே புடிச்சவ நானு, இந்தக் குளுருல என்னா?” என்கிறாள். மாலையில் பாலத்தின் சுவரோரம் உட்கார்ந்து பேரீச்சம்பழம் எடுத்தாள். எனக்கு ஒன்று கொடுத்தாள். என்னையறியாமல் நான் மூன்றாவதாக ஒரு பழத்தை எடுத்து எங்களுக்கு நடுவில் சுவர்மேல் வைத்துவிட்டேன். “இது யாருக்கு?” என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பழத்தைத் தாளில் மடித்து என் பையில் வைத்து, “அவுங்க ஊருக்குப் போறப்ப குடுத்துரு” என்றாள். இனி அவள் மேல் கோபப்பட்டால் உனக்குத்தான் பாவம்.

ஜன்னலோரம் எனக்கு.

கலை


(உறையின் மேல்: வியன்னாவில் பிரி)

கலை,

இந்த ஊரில் காபிக் கடையில் ஒரு காபி வாங்கிக்கொண்டு நாள் முழுக்க உட்காரலாமாம். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்களாம். நான் வந்து உட்கார்ந்தாயிற்று. மேசை பளிங்கு. முழங்கை வைத்தால் குளிர்கிறது. பக்கத்து அறையில் யாரோ வயலின் பழகுகிறார்கள், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே எல்லாப் புழுவும் உறங்குகிறது. நாலாவது உறக்கம், தோலுரிக்கப் போகும் உறக்கம். தழை போடக்கூடாது, தொடக்கூடாது. சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான். எப்போதும் மழைத்தூறல்போல் தின்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் கொட்டாய் இன்று சத்தமே இல்லை. உனக்கு நினைவிருக்கிறதா, அவை தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்குமே? பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று நினைப்பார்கள். நானும் இரண்டு வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன். யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். உள்ளே ஜூலைக்காகத் தோல் தயாராகிக்கொண்டிருக்கிறது.

உனக்கு இன்னொரு காபி சொல்லிவிட்டேன். ஆறட்டும், அவசரமில்லை.

பானு


வியன்னா
24 மார்ச் 2025

அன்புள்ள பானு,

நீ சொன்ன காபி ஆறிப்போய்விட்டது. வயலின் கேட்கவில்லை, டிராம் வண்டியின் மணிச் சத்தம்தான். பளிங்கு மேசை மட்டும் நீ சொன்னபடியே குளிர்கிறது. அதன்மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சாயிரா அருங்காட்சியகம் பார்க்கப் போயிருக்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். புறப்படுவதற்கு முந்தின நாள் என் பேராசிரியை கூப்பிட்டார். நிலத்தடி நீரில் புளோரைடு பற்றி நான் செய்த வேலை அவருக்குப் பிடித்துவிட்டது. மூன்று வருஷ ஆராய்ச்சிக்கு இடம் இருக்கிறது, சம்பளத்தோடு; இருக்கிறாயா என்று கேட்டார். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். பிராக்கிலிருந்து எழுதும்போதே இது எனக்குத் தெரியும். பேரீச்சம்பழத்தைப் பற்றி எழுதினேன், இதை எழுதவில்லை.

இருந்தால் ஜூலையில் நான் வர முடியாது. உன் முறை வராது. இதை எப்படி உன்னிடம் கேட்பது? இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். எனக்கு இருப்பது ஒரு வாரம். போன் பண்ணினால் அம்மாவும் அண்ணனும் சென்னப்பன் அண்ணனும் சேர்ந்து கேட்பார்கள். அது மட்டும் காரணமில்லை, எனக்குப் பயம். உன் குரல் மாறுவதைக் கேட்கப் பயம்.

என் கையில் இருப்பது நீ எப்போதோ எழுதிய இரண்டு உறைகள். அவற்றுக்குள் எனக்கு ஏதாவது பதில் இருக்குமோ என்று சட்டத்தை மீறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ கெட்டித் தாளில் எழுதியிருக்கிறாய். ஒன்றும் தெரியவில்லை.

கலை


(உறையின் மேல்: வெனிஸில் பிரி)

கலை,

இது தண்ணீர்த் தெரு ஊர். மாரண்டஹள்ளிக்கு ஒரு மழைக்காலம் வந்து, அந்தத் தண்ணீர் வடியாமலே போய்விட்டால் எப்படி இருக்கும், அதுதான் வெனிஸ். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பரிசல் கட்டியிருக்கிறது. கொத்தமல்லி வாங்கக்கூடப் பரிசல். பாலக்கோட்டுக்குப் போகிற பஸ் மிதந்து வருகிறது. கண்டக்டர் முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிக்கொண்டு, “உள்ள போங்க, உள்ள போங்க” என்கிறார். உள்ளே போனால் உள்ளேயும் தண்ணீர்.

நாம் இரண்டு பேரும் ஒரு பரிசலில் ஏறினோம். துடுப்பு போடுகிறவர் ஒன்றும் பேசவில்லை. வீடுகளின் நிழல் தண்ணீரில் நடுங்குகிறது. ஒரு ஜன்னலில் சேலை காய்கிறது. அது என் சேலை! மாம்பழ மஞ்சள், நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தருவதாகச் சொன்னது. எப்படி அங்கே போனது? எட்டி எடுக்கப் பார்க்கிறேன், பரிசல் சுற்றுகிறது. நீ சிரிக்கிறாய். பரிசல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இரண்டு பேருக்கும் தலை சுற்றவில்லை.

இதைத் தூக்கக் கலக்கத்தில் எழுதினேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பானு


இத்தாலி, பெயர் சரியாகச் சொல்ல வராத ஒரு ரயில் நிலையம்
28 மார்ச் 2025

அன்புள்ள பானு,

வெனிஸுக்குப் போகவில்லை. எல்லையைத் தாண்டியதும் ரயில் வேலைநிறுத்தம். எங்களை ஒரு சின்ன நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அடுத்த வண்டி நாளை நேரே மேற்கே போகிறது. கோமோவில் அறை எடுத்தாயிற்று, இனி வெனிஸில் இறங்க நேரமில்லை.

சாயிரா பெஞ்சில் தன் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டாள். நான் உன் உறையைப் பிரித்தேன். ஊர் சேராமல் பிரித்தது தப்புதான். ஆனால் இந்தப் பிறவியில் நான் பார்க்கப் போகும் வெனிஸ் இதுதான் என்று தோன்றியது. படித்துவிட்டுக் கண்ணை மூடினேன். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியது. பாலக்கோடு பஸ் வந்தது. உன் மஞ்சள் சேலையை நான் எட்டி எடுத்துவிட்டேன் பானு, நீ திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணை விழித்தபோது சாயிரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியன்னாவில் நான் உனக்கு எழுதியது அவளுக்குத் தெரியும். “அவுங்க என்னா சொல்லுவாங்கன்னு ஏன் யோசிக்கிற? உனக்கு என்னா வேணும்னு முதல்ல சொல்லு” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாததால் வந்த கோபம் இல்லை, தெரிந்ததால் வந்தது.

கலை


(உறையின் மேல்: கோமோவில் பிரி)

கலை,

வந்துவிட்டோம். என் ஊர். நான்தான் அட்லஸில் சேர்த்தேன், அதனால் என் ஊர்.

ஏரி இருக்கிறதாம், சுற்றிலும் மலையாம். அதையெல்லாம் நீ பார்த்துக்கொள். நான் நேரே பட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டு போகிறேன். இங்கே யார் புழு வளர்க்கிறார்கள்? அவர்கள் வீட்டுப் பெண்களும் தழை போட்டு முடித்துத்தான் சாப்பிடுகிறார்களா? அவர்களில் ஒருத்தியைக் கண்டுபிடித்து, மாரண்டஹள்ளியில் பானு என்று ஒருத்தி இருக்கிறாள், உங்களைக் கேட்டாள் என்று சொல்லிவிடு. அது போதும்.

இத்தோடு உன் ஊர் சுற்றல் முடிந்தது. நீ பிராக்கைப் பார்த்தாய், வியன்னாவைப் பார்த்தாய், பரிசலில் போனாய். இனி மூட்டை கட்டு. நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன். சேலத்துக்கு எடுத்துப் போக ஒரு பை தைத்து, புழுத் தட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். தட்டு துடைக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நீ தட்டைத் தூக்குகிற அன்றைக்கு நான் பையைத் தூக்குவேன்.

இனி என் முறை, கலை. சீக்கிரம் வா.

பானு


கோமோ
30 மார்ச் 2025

அன்புள்ள பானு,

நான் லைப்சிக்கிலேயே இருக்கப் போகிறேன். இன்று காலை பேராசிரியைக்குச் சரி என்று எழுதிவிட்டேன். உன் கோமோ கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் எழுதியிருந்தால், தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லிக்கொண்டிருப்பேன். படித்த பிறகுதான் எழுதினேன். பையைப் பற்றிப் படித்த பிறகு.

நம் ஊர்த் தண்ணீருக்காக, பிள்ளைகளின் பல்லில் புளோரைடால் விழும் கறைக்காக என்று பெருமையாகச் சொல்லலாம். அது பாதிதான் உண்மை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இங்கே ஒரு காபியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது பிடித்திருக்கிறது. எனக்கு வேண்டும் பானு, அவ்வளவுதான். உன்னை விட்டுவிட்டு எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதம்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பெரிய விஷயம் கடிதத்தில்தான் என்ற உன் சட்டத்தை இதிலாவது காப்பாற்ற நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை. மேலே இருப்பதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் போன் வந்தது. இன்று யுகாதி, பக்கத்துக் கன்னடக்காரர் வீட்டில் இனிப்பு ஒப்பட்டு கொடுத்தார்கள், உன் பங்கையும் நானே தின்றுவிட்டேன் என்று சிரித்தார். அதே வேகத்தில், “ஜூலையில எந்தத் தேதிக்குமா டிக்கெட்டு போடற?” என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

போன் கொட்டாயில் இருந்தது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. புழு தின்கிற தூறல் சத்தம் கேட்டது. அதற்கு மேல் நீ தழை நறுக்குகிற சத்தம். நான் சொன்னதும் நறுக்கும் சத்தம் நின்றது. தூறல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நீ ஒரு வார்த்தை பேசுவாய் என்று காத்திருந்தேன். யாரோ போனை அணைத்துவிட்டார்கள்.

இங்கே பட்டு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நூல் சுற்றும் எந்திரங்கள், சாயத் தொட்டிகள். கண்ணாடிக்குப் பின்னால் காய்ந்த கூடுகள் கொஞ்சம். உயிரோடு ஒரு புழுகூட இல்லை. நூலெல்லாம் வேறு நாட்டிலிருந்து வருகிறது என்றார் அங்கே இருந்த அம்மா. பானு என்று ஒருத்தி உங்களைக் கேட்டாள் என்று அவரிடம் தமிழிலேயே சொன்னேன். புரியாமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயிராவுக்கு இன்று பெருநாள். விடுதி அடுப்பில் பாலும் சேமியாவும் காய்ச்சினாள். இனிப்பாக இருந்தது. என் கிண்ணத்தை அப்படியே அவள் பக்கம் நகர்த்திவிட்டேன்.

கலை


லைப்சிக்
4 மே 2025

அன்புள்ள பானு,

வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுகிறேன். அம்மா பேசுகிறாள், அண்ணன் பேசுகிறார். நீ எங்கே என்றால் தழை போடுகிறாய் என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

மன்னிப்பு கேட்டு நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதினால் உனக்கு இன்னொரு வேலை வைத்த மாதிரி இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ தைத்த பையை அவிழ்த்துவிடாதே.

பேரீச்சம்பழம் என்னிடம் இருக்கிறது.

கலை


சேலம்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நாத்தனார் கலைமதி அவர்களுக்கு,

அண்ணி எழுதிக்கொண்டது. நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். தாங்கள் அனுப்பிய கடிதங்கள் யாவும் கிடைக்கப்பெற்றேன். தங்கள் தாயார் நலமாக உள்ளார். தங்கள் அண்ணன் நலமாக உள்ளார். இவ்விடம் மழை பரவாயில்லை.

இப்படியே இரண்டு பக்கம் எழுதி உன்னை அழவைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஐந்து வரியில் கை வலித்துவிட்டது.

முகவரியைப் பார்த்திருப்பாய். நான் சேலத்தில் இருக்கிறேன். விடுதியில். எம்.எஸ்சி. புவியியல், முதல் வருஷம்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். போனை அணைத்தது அத்தை. அணைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். உன் அண்ணன், “அவ நல்லா இருந்தா சரி, வுடு” என்றார். இரண்டு பேரும் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கையில் நறுக்கிய தழையோடு நின்றிருந்தேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை, “அப்ப என் மொற எப்பங்க?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

“என்னா மொற?” என்றார் உன் அண்ணன். எல்லாவற்றையும் சொன்னேன். அட்லஸ், ஒப்பந்தம், சேலம், பை. பையை எடுத்துக் காட்டினேன். அழுதுகொண்டிருந்த அத்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார். உன் அண்ணன் என் கையிலிருந்த கூடையை வாங்கி மீதித் தட்டுகளுக்குத் தழை போட்டார்.

கூடு எடுக்கிற அன்றைக்குத்தான் பேசினார். புழு கூடு கட்டும் சந்திரிகைத் தட்டிலிருந்து ஒவ்வொரு கூடாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “புழு பாதி எடுத்துக்கலாம். சென்னப்பன் ஒரு வேள தழ போடட்டும். நானும் அம்மாவும் மீதியப் பாத்துக்குவோம். நீ போயி படிச்சுட்டு வா.” தட்டைத் திருப்பி வைத்தபடி, “ஏன், இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்னா?” என்றார்.

உண்மையைச் சொன்னால், கலை, கேட்பதற்கு உன்னை வைத்திருந்தேன். நீ வந்திருந்தால் நீயே கேட்டிருப்பாய், நான் உன் பின்னால் தலையைக் குனிந்து நின்றிருப்பேன். நீ வராததால் நானே கேட்டேன். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது.

அதற்காக நீ செய்தது சரி என்று எழுத மாட்டேன். நீ அங்கே இருப்பது தப்பில்லை. உனக்கு வேண்டும் என்று ஒளிக்காமல் எழுதினாயே, அந்த வரியை நான் மதிக்கிறேன். ஆனால் அதை ஸ்பீக்கரில், எல்லோரோடும் சேர்ந்து, நறுக்கிய தழையோடு நின்று நான் கேட்க வேண்டியிருந்தது. அது வலித்தது. இன்னும் வலிக்கிறது. முதல் இரண்டு மாதம் உன் உறைகளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் விண்ணப்பம், சேர்க்கை என்று அலைச்சல். எழுதாததற்கு அலைச்சல் காரணம் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், சொல்லவும் மாட்டேன்.

விடுதிக்கு வந்த முதல் நாள் உன் கடிதங்களையெல்லாம் பையிலிருந்து எடுத்தேன். சாயிராவின் அத்தர் இன்னும் போகவில்லை. இந்த அறையில் புழு ஒன்றும் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகாது. கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தேன். பாலத்துக் கல் மணற்கல் என்று எழுதியிருந்தாயே, அதை வகுப்பில் சொன்னேன். எப்போது போனீர்கள் என்று கேட்டார் பேராசிரியர். மார்ச் மாதம் என்றேன். பொய் இல்லைதானே?

அக்டோபரில் எங்களைக் களப்பயணம் கூட்டிப் போகிறார்கள், தனுஷ்கோடிக்கு. இரண்டு பக்கமும் கடலாம், நடுவில் மணலாம், கடைசியில் நிலம் முடிந்துவிடுமாம். நீ அதைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. உட்கார்ந்து எனக்கு ஒரு கடிதம் எழுது. தப்புத்தப்பாக எழுது, பரவாயில்லை. உறையின் மேல் ‘தனுஷ்கோடியில் பிரி’ என்று போட்டு, இந்த விடுதி முகவரிக்கு இப்போதே அனுப்பிவிடு. வந்து சேர இரண்டு வாரம் ஆகும். நான் ஊர் சேர்ந்த பிறகுதான் பிரிப்பேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க மாட்டேன்.

‘அன்புள்ள அண்ணி’ என்று ஆரம்பித்திருந்தால் அப்படியே கடலில் போட்டுவிடுவேன்.

பானு